உருளைப்புழுவின் மரபேடும் அதனைத் தேடிப் படிக்கும் முறையும்

முன்னுரை

தமிழ் பயில்வோர்க்குத் தேடல் புதியதன்று. ஓர் அருஞ்சொல் எந்நூலில், எவ்வியலில், எத்தனையாம் அடியில் வந்துள்ளது என்று அறியச் சொல்லடைவுகளைப் புரட்டுகின்றோம். ஒரு பாடல் இரண்டு பதிப்புகளில் இருவேறு எண் பெற்றிருப்பின், எந்தப் பதிப்பு என்று முதலில் கேட்கின்றோம். மூலம், அதன் கீழ் உரை, அதன் கீழ் விளக்கம், அடியில் பாடவேறுபாடு என அடுக்கடுக்காய் அமைந்த பக்கங்களைப் படித்துப் பழகியுள்ளோம். இப்பழக்கம் இலக்கியத்திற்கு மட்டுமே உரியது என்று எண்ணுவோர் உளர். உயிரியலிலும் அதே பழக்கம் எவ்வளவு தேவைப்படுகிறது என்பதை ஒரு சிறு புழுவைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓர் உயிரின் உடலமைப்புக்கும் வளர்ச்சிக்கும் வேண்டிய மரபுச் செய்தி முழுவதையும் அறிவியலார் ஜீனோம் என்பர். மரபணுத்தொகுதி என்று தமிழில் வழங்குவர். அஃது எழுத்துகளால் ஆன ஏடு போன்றது ஆதலின், இக்கட்டுரையில் அதனை மரபேடு என்று குறிப்போம். அம்மரபேட்டை இணையத்தில் விரித்துக் காட்டும் கருவிக்கு மரபேட்டு உலாவி என்று பெயர் கொள்வோம். வெளிநாட்டு ஆய்வுக்கூடத்தார் மட்டுமே கையாளும் கருவி இது என்று எண்ணி நம் மாணவர் பலர் ஒதுங்கி நிற்கின்றனர். உண்மையில் இணைய இணைப்புள்ள எவரும் இதனைத் திறக்கலாம். கட்டணம் இல்லை, பெயர் பதிவு செய்ய வேண்டியதும் இல்லை. அவ்வாறு திறந்து கிடப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அதனையும் சேர்த்தே காண்போம்.

புழுவும் அதனைத் தேர்ந்த அறிஞரும்

கேனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ் என்பது நாம் எடுத்துக்கொண்ட உருளைப்புழுவின் அறிவியற் பெயர். மண்ணிலும், அழுகும் கனிகளிலும் தழைகளிலும் வாழ்ந்து பாக்டீரியாக்களை உண்பது. வளர்ந்த புழுவின் நீளம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். மனிதர்க்கோ கால்நடைக்கோ தீங்கு செய்யாதது. இதனை 1900-ஆம் ஆண்டில் முதன்முதலாக விவரித்தவர் பிரெஞ்சு விலங்கியலார் எமில் மோப்பா ஆவார். இதன் உடல் கண்ணாடி போன்று ஒளி ஊடுருவும் தன்மையது. ஆதலின், உள்ளே நிகழும் உயிரணுப் பிரிவுகளை உயிரோடிருக்கும்போதே நுண்ணோக்கியில் காண முடியும். முட்டையில் தொடங்கி மீண்டும் முட்டையிடும் பருவத்தை எய்த இதற்கு மூன்று நாள்களளவே ஆகும்.

தென்னாப்பிரிக்காவில் பிறந்து இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பணியாற்றிய சிட்னி பிரென்னர், 1963-இல் தம் ஆய்வுக்கூடத் தலைவர் மாக்ஸ் பெருட்சுக்கு ஒரு கடிதம் எழுதினார். உயிரின் வளர்ச்சியையும் நரம்பு மண்டலத்தையும் ஆராய எளியதோர் உயிர் வேண்டும் என்பது அதன் கருத்து. அத்தேடலின் முடிவில் அவர் தேர்ந்தது இப்புழுவே. 1974-இல் இப்புழுவின் மரபியல் பற்றிய அவரது விரிவான கட்டுரை வெளிவந்தது. அவருடன் பணியாற்றிய ஜான் சல்ஸ்டன், கருவில் ஒவ்வோர் உயிரணுவும் எவ்வாறு பிரிகின்றது என்பதை நுண்ணோக்கியின்முன் நாளுக்கு இருமுறை, முறைக்கு நான்கு மணிநேரம் என ஒன்றரை ஆண்டுக் காலம் அமர்ந்து நோக்கி வரைந்தார். வளர்ந்த இருபால் புழுவில் இனப்பெருக்க அணுக்கள் நீங்கலாக 959 உயிரணுக்கள் உள்ளன. அவற்றுள் 302 நரம்பணுக்கள். வளர்ச்சியின்போது தோன்றி, விதித்தாற்போல் மடியும் உயிரணுக்கள் 131. இக்கணக்கு இதே அளவில் புழுதோறும் அமைந்துள்ளது. இப்பணிகளுக்காகப் பிரென்னர், சல்ஸ்டன், ராபர்ட் ஹார்விட்ஸ் ஆகிய மூவரும் 2002-ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசைப் பெற்றனர்.

நான்கு எழுத்தில் ஒரு நூல்

மரபேட்டின் எழுத்துகள் நான்கே. டி.என்.ஏ. என்னும் நீண்ட மூலக்கூற்றில் அடினின், சைட்டோசின், குவானின், தைமின் என்னும் நான்கு காரங்கள் ஒன்றன்பின் ஒன்றாய்க் கோக்கப்பட்டுள்ளன. அவற்றை முறையே ஏ, சி, ஜி, டி என்னும் ஓரெழுத்துகளால் குறிப்பர். இந்நான்கும் எந்த வரிசையில் அமைந்துள்ளன என்பதே செய்தி.

நம் புழுவின் மரபேடு ஆறு குரோமோசோம்களாகப் பிரிந்துள்ளது. ஐந்தினை உரோமானிய எண்களாலும், பாலினத்தோடு தொடர்புடைய ஆறாவதனை எக்ஸ் என்றும் குறிப்பர். இவை நூலின் ஆறு காண்டங்கள் எனக் கொள்ளலாம். இவற்றுள் பெரியது ஐந்தாவது; அதன் நீளம் 2,09,24,180 எழுத்துகள். சிறியது மூன்றாவது, அது 1,37,83,801 எழுத்துகள் கொண்டது. உயிரணுவின் ஆற்றல்கூடமாகிய மைட்டோகாண்ட்ரியாவில் தனியே 13,794 எழுத்துகளில் ஒரு சிற்றேடும் உண்டு. எல்லாம் சேர்ந்து 10,02,86,401 எழுத்துகள். பக்கத்திற்கு 2,000 எழுத்தும் தொகுதிக்கு 500 பக்கமும் வைத்து அச்சிட்டால் ஏறத்தாழ நூறு தொகுதிகள் ஆகும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான ஒரு புழுவின் ஒவ்வோர் உயிரணுவினுள்ளும் இந்த நூறு தொகுதிகள் மடிந்து கிடக்கின்றன.

இந்நூலில் சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை, நிறுத்தற்குறி இல்லை, பக்க எண்ணும் இல்லை. ஓலைச்சுவடியில் மெய்க்குப் புள்ளியின்றித் தொடர்ந்து எழுதப்பட்டதைப் படித்தவர்க்கு இதன் அருமை விளங்கும். புரதங்களை ஆக்கும் ஏறத்தாழ 20,000 மரபணுக்கள் இவ்வெழுத்து வெள்ளத்தில் ஆங்காங்கே அமைந்துள்ளன. மனிதனிடத்தும் புரதம் ஆக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000 தாம் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

துண்டுகளைத் தொகுத்த முறை

குரோமோசோம் ஒன்றை முதலிலிருந்து முடிவுவரை ஒரே மூச்சில் படிக்கும் கருவி அந்நாளில் இல்லை. ஒருமுறைக்குச் சில நூறு எழுத்துகளையே படிக்க முடிந்தது. ஆகவே, ஒரு நூலின் பல படிகளை வெவ்வேறு இடங்களில் கிழித்து, துண்டுகளைத் தனித்தனியே படித்து, ஒரு துண்டின் முடிவும் மற்றொன்றின் தொடக்கமும் ஒத்திருக்கும் இடங்களைக் கண்டு ஒட்டுவது போன்றதொரு முறையை மேற்கொண்டனர். இவ்வாறு ஒட்டிப் பெற்ற முழு வடிவத்தைத் தொகுப்பு என்பர். இங்கிலாந்தில் சல்ஸ்டன் தலைமையில் இயங்கிய சாங்கர் மையமும், அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் வாட்டர்ஸ்டன் தலைமையில் இயங்கிய குழுவும் இப்பணியைப் பகிர்ந்துகொண்டன. 1998 டிசம்பரில் 9 கோடியே 70 லட்சம் எழுத்துகளைக் கொண்ட வடிவம் வெளியாயிற்று. பல உயிரணு விலங்குகளுள் முதன்முதலில் மரபேடு படிக்கப்பெற்றது இப்புழுவே. எஞ்சிய இடைவெளிகள் பின்வந்த ஆண்டுகளில் நிரப்பப்பட்டன.

உலாவியின் பிறப்பு

எழுத்துகளைத் தொகுத்தால் மட்டும் போதாது. அவற்றைக் காண ஒரு சாளரம் வேண்டும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகத்தில் ஆய்வு மாணவராயிருந்த ஜிம் கென்ட், இப்புழுவின் மரபணுக்கள் எங்குத் தொடங்கி எங்கு இடையறுகின்றன என்பதைப் படமாக வரைந்து காட்டும் சிறியதொரு கணினி நிரலை எழுதினார். 2000-ஆம் ஆண்டில் மனித மரபேட்டின் துண்டுகளைத் தொகுக்கும் நிரல் உடனடியாகத் தேவைப்பட்டபோது, அதனையும் ஏறத்தாழ நான்கு வாரங்களில் அவரே எழுதி முடித்தார். அத்தொகுப்பு 2000 ஜூலை 7 அன்று இணையத்தில் எவரும் காணும்படி வைக்கப்பெற்றது. புழுவுக்காக எழுதிய அச்சிறு நிரலே வளர்ந்து சாண்டா குரூஸ் மரபேட்டு உலாவி ஆயிற்று. உலகெங்கும் மருத்துவர் மனித மரபணுக்களைக் காணப் பயன்படுத்தும் அச்சாளரம் முதலில் இப்புழுவை நோக்கித் திறந்தது என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

பதிப்பு அறிதல்

உலாவியைத் திறந்தவுடன் செய்ய வேண்டிய முதற்பணி, எவ்வுயிர், எத்தொகுப்பு என்று தேர்வதாகும். இங்கே உயிரின் பெயரைத் தேர்ந்தால் மட்டும் போதாது. சாண்டா குரூஸ் உலாவியில் இப்புழுவின் தொகுப்புகள் சிஇ என்னும் ஈரெழுத்தோடு ஓர் எண் சேர்த்துக் குறிக்கப்படுகின்றன. சிஇ10 என்பது 2010 அக்டோபரைச் சேர்ந்தது. சிஇ11 என்பது 2013 பிப்ரவரியைச் சேர்ந்தது. மேலே நாம் தந்த எழுத்துக் கணக்கு சிஇ11-க்கு உரியது.

பதிப்பு ஏன் இத்துணை இன்றியமையாதது? ஒரு தொகுப்பில் விடுபட்ட ஓரெழுத்து அடுத்த தொகுப்பில் சேர்க்கப்படுமாயின், அதன்பின் வரும் ஒவ்வோர் எழுத்தின் எண்ணும் ஒன்று கூடிவிடும். பதிப்பின் பெயரைக் கூறாது எண்ணை மட்டும் கூறுவது, எந்த அச்சு என்று சொல்லாமல் பக்க எண்ணை மட்டும் சொல்வதற்கு ஒப்பாகும். பழைய தொகுப்பின் எண்களைப் புதியதன் எண்களாக மாற்றித்தரும் துணைக்கருவி ஒன்றும் உலாவியிலேயே உண்டு. ஆயினும், எண்ணோடு பதிப்பையும் சேர்த்துக் குறித்துவைப்பதே ஆய்வு ஒழுக்கம்.

தேடும் வழிகள் மூன்று

முதலாவது, முகவரியால் தேடுதல். குரோமோசோமின் பெயர், தொடங்கும் எண், முடியும் எண் ஆகிய மூன்றையும் தேடற் பெட்டியில் இட்டால் உலாவி அவ்விடத்தைக் காட்டும். மூன்றாம் குரோமோசோம், 10,00,001 முதல் 10,10,000 வரை என்று கேட்டால் சரியாக 10,000 எழுத்துகள் கொண்ட பகுதி திரையில் விரியும். காண்டமும் அடி எண்ணும் தந்து செய்யுளை எடுப்பது போன்றது இது.

இரண்டாவது, பெயரால் தேடுதல். புழு ஆய்வாளர் மரபணுக்களுக்கு மூன்று அல்லது நான்கு எழுத்தும், ஒரு சிறு கோடும், ஓர் எண்ணும் சேர்த்துப் பெயரிடுவர். அவ்வெழுத்துகள் பெரும்பாலும் மரபணு கெட்டால் நேரும் குறையைச் சுட்டும். உயிரணுக்களின் விதித்த மடிவு கெடுவதைக் குறிப்பது செட் வரிசை. இயக்கம் ஒழுங்கிழப்பதைக் குறிப்பது அன்க் வரிசை. இனி, பென்-1 என்னும் பெயரை ஆங்கில எழுத்தில் இட்டுத் தேடிப் பார்ப்போம். உலாவி நம்மை மூன்றாம் குரோமோசோமில் ஏறத்தாழ 35 லட்சமாவது எழுத்தை அடுத்த ஓரிடத்திற்கு அழைத்துச் செல்லும்.

அங்கே தெரிவது யாது? மேலே எழுத்தெண்களைக் காட்டும் அளவுகோல் ஒன்று. அதன் கீழ், தடித்த கட்டைகளும் அவற்றை இணைக்கும் மெல்லிய கோடுகளும். தடித்த கட்டைகள் புரதத்திற்குப் பொருள் தரும் பகுதிகள். மெல்லிய கோடுகள், செய்தி படியெடுக்கப்பட்ட பின் வெட்டி நீக்கப்படும் இடைப்பகுதிகள். இரு முனைகளிலும் சற்றே ஒடுங்கிய கட்டைகள் இருப்பின், அவை படியெடுக்கப்பட்டும் புரதமாக மாறாத பகுதிகள். கோட்டின்மேல் உள்ள சிறு அம்புக்குறிகள் மரபணுவைப் படிக்கும் திசையைக் காட்டும். டி.என்.ஏ. இரட்டை இழையாதலின், சில மரபணுக்கள் இடமிருந்து வலமாகவும், சில எதிரிழையில் வலமிருந்து இடமாகவும் படிக்கப்படும்.

காட்சியை ஒன்றரை மடங்கு, மூன்று மடங்கு, பத்து மடங்கு எனப் பெரிதாக்கும் பொத்தான்கள் உள்ளன. பெரிதாக்கிக்கொண்டே சென்றால் இறுதியில் ஏ, சி, ஜி, டி என்னும் எழுத்துகளே வெளிப்படும். மறுதிசையில் சுருக்கிக்கொண்டே வந்தால் குரோமோசோம் முழுவதும் ஒரே திரையில் அடங்கும்.

மூன்றாவது, எழுத்துத் தொடரால் தேடுதல். இடமும் பெயரும் தெரியாது, ஒரு தொடர் மட்டும் கையில் உள்ளது எனக் கொள்வோம். ஜிம் கென்ட் 2002-இல் வெளியிட்ட பிளாட் என்னும் தேடற்கருவி அத்தொடர் மரபேட்டில் எங்குள்ளது என்று நொடிகளில் காட்டும். தொடரில் குறைந்தது 20 எழுத்துகள் இருத்தல் வேண்டும். 22 எழுத்துகள் கொண்ட ஒரு தொடரை எடுத்துக்காட்டாகத் தருகின்றோம்: டிஜிஏஜிஜி டிஏஜிடிஏ ஜிஜிடிடிஜி டிஏடிஏஜி டிடி. இஃது எக்ஸ் குரோமோசோமில் உள்ள லெட்-7 என்னும் மரபணுவின் சாரமான பகுதி. இது புரதம் எதனையும் ஆக்குவதில்லை. தானே சிறியதோர் ஆர்.என்.ஏ. துண்டாகி, பிற மரபணுக்கள் செயற்படும் காலத்தை அடக்கி நெறிப்படுத்துகிறது. இனி, உலாவியில் மனிதனின் மரபேட்டைத் தேர்ந்து நோக்குவோமாயின், இதே 22 எழுத்துகள் ஓரெழுத்தும் பிறழாமல் 9, 11, 22 ஆகிய மூன்று குரோமோசோம்களில் இருத்தலைக் காணலாம். புழுவின் மரபும் மனிதனின் மரபும் பிரிந்து ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அத்துணைக் காலம் படியெடுத்தும் எழுத்துப்பிழை நேராமல் இத்தொடர் காக்கப்பட்டுள்ளது. இத்தகைய நுண் ஆர்.என்.ஏ.க்களுள் முதலாவது இப்புழுவில் 1993-இல் அறியப்பட்டது. அதற்காக விக்டர் அம்புரோஸ், கேரி ரவ்குன் இருவரும் 2024-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர்.

மூலமும் உரையும்

திரையில் அளவுகோலின் கீழே அடுக்கடுக்காய் அமைந்தவற்றைத் தடங்கள் என்பர். ஒரு தடத்தில் மரபணுக்களின் அமைப்பு. மற்றொன்றில் பிற உருளைப்புழு இனங்களோடு ஒப்பிட்ட காட்சி. வேறொன்றில் மீண்டும் மீண்டும் வரும் தொடர்கள். வேண்டிய தடத்தை விரிக்கலாம், வேண்டாததை மறைக்கலாம். ஒப்பீட்டுத் தடத்தில் மேடுயர்ந்து தோன்றும் இடங்கள், பல இனங்களிலும் மாறாது நிற்கும் எழுத்துகளைக் குறிக்கும். மாறாது நிற்பது பெரும்பாலும் இன்றியமையாதது என்பது ஆய்வாளர் கொள்கை.

இங்கே தமிழ் மாணவர் எளிதில் உணரக்கூடிய ஓர் உண்மை உண்டு. எழுத்துத் தொடர் மூலம், தடங்கள் உரை. மூலம் கருவியால் படிக்கப்பட்டது. உரையோ, சிலவிடத்துச் சோதனையால் உறுதிப்பட்டது. சிலவிடத்துக் கணினியின் கணிப்பால் எழுதப்பட்டது. இரண்டும் ஒரே வண்ணக் கட்டைகளாய்த் திரையில் தோன்றக்கூடும். கட்டையைச் சொடுக்கி, அதன் பின்னுள்ள விளக்கத்தைப் படித்து, எச்சான்றின்மேல் இவ்வுரை எழுந்தது என்று அறிந்த பின்னரே அதனை ஏற்றல் வேண்டும். உரையாசிரியர் கூற்றை மூலத்தின் கூற்றாகக் கொள்ளாமை நாம் வகுப்பறையில் நாள்தோறும் வலியுறுத்துவதன்றோ!

மூலமும் கூட ஒரு படியின் மூலமே. உலாவியில் உள்ளது பிரிஸ்டல் நகரில் எடுக்கப்பட்ட ஒரு புழுவின் வழிவந்த, என்2 எனப் பெயரிய வகையின் மரபேடு. ஹவாய்த் தீவில் எடுத்த வகையோடு ஒப்பிட்டால் எழுத்து வேறுபாடுகள் மிகுதி. மேலும், நிறைவுற்றதாக நெடுங்காலம் கருதப்பட்ட இம்மரபேட்டை 2019-இல் நீண்ட தொடர்களைப் படிக்கும் புதிய கருவிகளால் மீண்டும் ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 18 லட்சம் எழுத்துகள் கூடுதலாகப் புலப்பட்டன. அவை ஒரே தொடர் அடுக்கி வரும் இடங்களில் பெரிதும் மறைந்திருந்தவை. பதிப்புப் பணிக்கு முற்றுப்புள்ளி இல்லை என்பது இதனால் பெறப்படும்.

ஒரு மாத்திரையும் ஓர் எழுத்தும்

இத்தேடலால் நமக்கு ஆவதென்ன என்று பெரியோர் வினவலாம். நாம் முன்னர்த் தேடிய பென்-1 என்னும் மரபணுவுக்கே மீள்வோம். நம் நாட்டில் 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்நாளில் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் பிள்ளைகளுக்கு அல்பெண்டசோல் என்னும் மாத்திரை வழங்கப்பெறும். யானைக்கால் நோயைத் தடுக்கும் கூட்டு மருந்திலும் அது சேர்க்கப்படுகிறது. உயிரணுவின் உட்சட்டமாக அமையும் நுண்குழல்களை ஆக்கும் டியூபுலின் என்னும் புரதத்தைப் பற்றி, அக்குழல்கள் உருவாகாதபடி தடுப்பது அம்மருந்தின் செயல். பென்-1 என்பது அப்புரதத்தின் ஒரு வகையை ஆக்கும் மரபணு. இம்மரபணு கெட்ட புழுக்களை இவ்வகை மருந்துகள் வாட்டுவதில்லை என்பது 1989-இல் தெளிவாயிற்று.

ஆடுகளின் இரைப்பையில் தங்கிக் குருதி உறிஞ்சும் ஹீமாங்கஸ் என்னும் உருளைப்புழுவில், இப்புரதத்தின் 200-ஆம் இடத்தில் உள்ள பினைல்அலனின் என்னும் அமினோ அமிலம் டைரோசினாக மாறினால் மருந்து பயனிழக்கிறது. மரபேட்டில் அதற்கு வேண்டிய மாற்றம் எத்துணை? டிடிசி என்னும் மூவெழுத்து டிஏசி ஆவது மட்டுமே, நடுவில் ஓரெழுத்து. ஆட்டின் புழுவை வளர்த்து ஆராய ஆடு வேண்டும். நம் சிறுபுழுவையோ ஒரு கண்ணாடித் தட்டில் வளர்க்கலாம். ஆட்டுப்புழுவின் டியூபுலின் மரபணுவைப் பென்-1 இழந்த சிறுபுழுவில் புகுத்தியபோது, அதற்கு மருந்து மீண்டும் நஞ்சாயிற்று. தீங்கற்ற புழுவின் ஏட்டில் கற்றதைத் தீங்கு செய்யும் புழுக்களின் ஏட்டில் ஒப்பிட்டறியும் வழி இதனால் திறந்தது. யானைக்கால் நோய் தரும் புழுக்களுள் ஒன்றான புருகியா மலாயியின் மரபேடும் 2007-இல் வெளியாகியுள்ளது.

குடற்புழுவும் யானைக்காலும் யாரை வாட்டுகின்றன? செருப்பின்றி வயலில் நடப்போரையும், சாக்கடையோரம் குடியிருப்போரையும், கழிப்பிட வசதியற்ற சிற்றூர்ப் பிள்ளைகளையுமே. ஆகவே, இவ்வேடுகளைப் படிக்கும் கண்கள் நம்மிடையே இருந்தாக வேண்டும் என்பது நம் கருத்து. மருந்துக்கு அடங்காத புழு எங்கேனும் தோன்றுமாயின், அந்த ஓரெழுத்து மாற்றத்தைக் கண்டு சொல்ல வேண்டிய கடமை அவ்வூரின் அருகில் உள்ள கல்லூரிக்கும் உண்டு.

பூட்டாத ஏடு

இவ்வேடு எவர்க்கும் திறந்திருப்பது தற்செயலன்று. புழு ஆய்வாளர் 1975 முதற்கொண்டே தமக்குள் ஒரு செய்தி மடல் நடத்தி, கட்டுரையாக அச்சேறுமுன்னரே முடிவுகளைப் பகிர்ந்துகொண்டனர். 1996-இல் பெர்முடாத் தீவில் மரபேட்டு ஆய்வாளர் கூடியபோது, படித்த எழுத்துத் தொடர்களை 24 மணிநேரத்திற்குள் பொதுவில் வெளியிட வேண்டும் என்னும் நெறியை முன்னின்று வகுத்தோர் சல்ஸ்டனும் வாட்டர்ஸ்டனும் ஆவர். இருவரும் புழுவின் ஏட்டைப் படித்தவர்கள். 1998-இல் மனித மரபேட்டைத் தனியே படித்துக் கட்டணத்திற்கு வழங்கும் நோக்குடன் செலரா என்னும் நிறுவனம் தோன்றியது. பொது முயற்சியினர் தம் பணியை விரைவுபடுத்தினர். ஜிம் கென்ட் நான்கு வாரங்கள் இரவுபகலாக நிரல் எழுதியதன் பின்னணியும் இதுவே. அவர்கள் தளர்ந்திருந்தால், ஏட்டின் ஒவ்வொரு பக்கத்திற்கும் விலை கொடுக்க வேண்டிய நிலை வந்திருக்கக்கூடும். அவ்விலை நம் போன்ற கல்லூரிகளுக்கு எட்டாததாகவே இருந்திருக்கும்.

நிறைவுரை

மேற்கூறியவற்றால், மரபேடு என்பது பல துண்டுகளிலிருந்து தொகுக்கப்பட்ட ஒரு பதிப்பு என்பதும், முகவரி, பெயர், எழுத்துத் தொடர் என்னும் மூவகையாலும் அதனுள் தேடலாம் என்பதும், தேடுவோர் பதிப்பைக் குறித்தும் மூலத்தையும் உரையையும் பிரித்தறிந்தும் படிக்க வேண்டும் என்பதும் விளங்கும். இவற்றுள் எதற்கும் விலையுயர்ந்த கருவி தேவையில்லை. கல்லூரி நூலகத்தில் இணைய இணைப்புள்ள ஒரு கணினி போதும்.

விலங்கியல் மாணவர் ஒருவரும் தமிழ் மாணவர் ஒருவரும் ஒரே கணினியின்முன் அமர்ந்து பென்-1 மரபணுவைத் தேடிப் பார்ப்பார்களாயின், முன்னவர்க்கு உயிரியல் தெரியும். பின்னவர்க்குப் பதிப்பும் பாடவேறுபாடும் தெரியும். இருவரும் கண்டதைத் தமிழில் எழுதிவைப்பாராயின், அவர்க்குப்பின் வரும் மாணவர் இன்னும் சற்று முன்னதாகத் தொடங்கலாம். ஏட்டைத் திறந்து வைத்தோர் தம் கடனைச் செய்துவிட்டனர். அதனைத் திறந்து படிப்பது நம் கடன்.